பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? சோடா கடை வருமானத்தில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நடத்திய ரஃபியுதீன் அகமதுவின் கதை

காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீரில் லேசாகச் சிவப்பு தெரிகிறது. மதுரைப் பக்கம் இதற்குப் பலர் சொல்லும் காரணம் உடம்புச் சூடு. இளநீர் குடிச்சா, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா சரியாப் போயிடும் என்று விட்டுவிடுவார்கள். வலி இல்லாததால் அதோடு மறந்தும் போகும்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து முறுக்கைக் கடித்தால் முன்பல் ஆடும். அப்போது சொல்லும் காரணம் வயசாயிடுச்சு என்பது.

இரண்டுமே சரியான காரணம் இல்லை. அன்று வந்த ரத்தத்துக்கும் இன்று ஆடும் பல்லுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஈறு நோய். ஆரம்பத்திலேயே கவனித்தால் முழுசாகச் சரியாகிவிடும். விட்டுவிட்டால் இழந்த எலும்பு தானாகத் திரும்ப வராது.

இன்று கோரிப்பாளையத்திலோ அண்ணா நகரிலோ நாலு தெரு நடந்தால் ஒரு பல் மருத்துவர் போர்டு கண்ணில் படும். ஆனால் 1919 வரை இந்தியாவில் பல் மருத்துவம் சொல்லித்தர ஒரு கல்லூரிகூட இல்லை. அந்த நிலையை மாற்றியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அவர் பிறந்த டிசம்பர் 24-தான் இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினம். யார் இவர்? மதுரைக்காரரின் ஈறுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? விரிவாகப் பார்க்கலாம்.

டாக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு

ரஃபியுதீன் அகமது பிறந்தது 1890 டிசம்பர் 24. ஊர் கிழக்கு வங்காளத்தில் உள்ள பர்தன்பாரா. இப்போது அந்தப் பகுதி வங்கதேசத்தில் இருக்கிறது. டாக்கா மதரசாவில் ஆரம்பப் படிப்பு. அடுத்து அலிகார் சென்று படித்தார்.

1909-ல் அப்பா இறந்துபோனார். அதன் பிறகு அகமது அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து, 1915-ல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்து வெளிநாடு போய்ப் படித்தவர்கள் பெரும்பாலும் சட்டம் படித்தார்கள், இல்லாவிட்டால் பொது மருத்துவம். பல் மருத்துவம் என்பது தனியாக ஒரு படிப்பு என்றே இங்கே பலருக்கும் தெரியாது. பல் வலித்தால் சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கும் பல் பிடுங்குபவரிடம் போவார்கள். சில ஊர்களில் முடி திருத்துபவரே அதையும் செய்வார். வைத்தியம் என்றாலே பிடுங்குவதுதான்.

பாஸ்டனில் பார்த்த வேலை

பட்டம் வாங்கியதும் அகமது பாஸ்டன் நகரில் உள்ள ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1914-ல்தான் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. வசதி இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை தருவதற்காகவே கட்டப்பட்ட இடம் அது.

இன்னொரு விஷயமும் அங்கே நடந்தது. பற்களைச் சுத்தம் செய்வதற்கும், எப்படிப் பராமரிப்பது என்று சொல்லித்தருவதற்கும் தனியாக ஆட்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி 1916-ல் தொடங்கியது. நோய் வந்த பிறகு பிடுங்குவதைவிட, வராமல் தடுப்பதற்கே ஆட்களைத் தயார் செய்வது அன்றைக்குப் புது யோசனை. உலகில் இப்படிப்பட்ட பள்ளிகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

முதல் உலகப் போர் முடிந்தது. 1919-ல் அகமது இந்தியா திரும்பினார்.

சோடா விற்ற காசில் கல்லூரி

கல்கத்தாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். வெளிநாட்டுப் பட்டம் பெற்ற பல் மருத்துவர் அன்று அபூர்வம். ஆனால் அடுத்த ஆண்டே, 1920-ல், அவர் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

அதற்குப் பணம்? அங்கேதான் கதையில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருந்த சோடா ஃபவுண்டன் கடைகளைப் பார்த்து வந்தவர், கல்கத்தாவிலும் நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற பெயரில் ஒரு கடையைத் திறந்தார். அந்த வருமானம் கல்லூரிக்குப் போனது. பல்லுக்கு ஆகாத இனிப்புத் தண்ணீரை விற்றுத்தான் பல்லைக் காப்பாற்றும் படிப்பு இந்தியாவுக்கு வந்தது.

இந்தக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா. 1923-ல் பம்பாயில் அவர் பல் மருத்துவமனை திறந்தார். பெண் ஒருவர் தனியாக மருத்துவமனை நடத்துவதே அரிதாக இருந்த காலம் அது.

கல்லூரி மட்டும் போதாது என்று அகமதுவுக்குத் தெரிந்திருந்தது. 1925-ல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கினார். 1928-ல் மாணவர்களுக்காக ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். பல் மருத்துவர்களுக்கென்று வங்காளத்தில் ஒரு சங்கத்தையும் உருவாக்கினார். ஆசிரியர் வேலை, பத்திரிகை வேலை, சங்க வேலை மூன்றையும் ஒரே ஆள் இழுத்துக்கொண்டு ஓடினார்.

அன்று பயோரியா, இன்று ஈறு நோய்

அகமது படித்த காலத்தில் ஈறு நோய்க்குப் பொதுப் பெயர் பயோரியா. ஈறிலிருந்து சீழ் வடிவதைக் குறிக்கும் சொல். நம்ம ஊர்ப் பற்பொடி விளம்பரங்களிலும் இந்தச் சொல் ரொம்ப காலம் ஓடியது. இன்றும் பெரியவர்கள் சிலர் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு அது ஏன் வருகிறது என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. உடம்புக்குள் இருக்கும் கோளாறு என்றார்கள் சிலர். வயதின் விளைவு என்றார்கள் வேறு சிலர். வாயில் உள்ள கிருமிதான் மூட்டுவலி முதல் எல்லா நோய்க்கும் காரணம் என்ற கருத்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியதால், நல்ல பற்களைக்கூட மொத்தமாகப் பிடுங்கிய காலமும் உண்டு.

இப்போது தெளிவாகத் தெரிந்த விஷயம் இதுதான்.

சாப்பிட்ட பிறகு பல்லின் மேல், குறிப்பாக ஈறு தொடும் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒட்டும் படலம் உருவாகும். பிளேக் என்பார்கள். அது முழுக்கப் பாக்டீரியா. தினமும் தேய்த்து எடுத்தால் பிரச்சனை இல்லை. எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் படிந்து அது கெட்டியாகிவிடும். அதுதான் காரை. காரை பிடித்துவிட்டால் பிரஷ்ஷால் எடுக்க முடியாது.

அந்தப் படலத்தை எதிர்த்து உடம்பு போராடுவதால் ஈறு சிவக்கும், வீங்கும், லேசாகத் தொட்டாலே ரத்தம் வரும். இது முதல் கட்டம், ஈறு அழற்சி. இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

விட்டுவிட்டால் அடுத்த கட்டம். ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் பை மாதிரி ஓர் இடைவெளி விழும். பல் மருத்துவர் மெல்லிய அளவுகோலை விட்டுப் பார்க்கும்போது 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் பயம் இல்லை. அதற்கு மேல் ஆழமாகப் போனால் உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைய ஆரம்பித்திருக்கலாம். பல் நீளமாகத் தெரியும், இடைவெளி விழும், வாய் நாற்றம் வரும், கடைசியில் ஆடும். இவ்வளவும் பெரும்பாலும் வலி இல்லாமலே நடக்கும். ஆபத்தே அங்கேதான். சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாமல் கூப்பாடு போடும். ஈறு நோய் சத்தமே போடாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் 100 கோடிக்கும் அதிகமானவர்களுக்குத் தீவிர ஈறு நோய் இருக்கிறது.

மதுரை வரை வந்த சட்டம்

அகமதுவின் அடுத்த போராட்டம் சட்டத்துக்காக. யார் வேண்டுமானாலும் குறடு ஒன்றை வைத்துக்கொண்டு பல் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிலை மாற வேண்டும். அவருடைய முயற்சியில் 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. சுதந்திரம் கிடைத்த பிறகு 1948-ல் நாடு முழுவதுக்குமான பல் மருத்துவர்கள் சட்டம் நிறைவேறியது. 1949-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கும் வழி வைத்தார்கள். முறையாகப் படித்தவர்கள் ஏ பிரிவுப் பட்டியலில். படிக்காமலே பல ஆண்டுகள் தொழில் செய்து வந்தவர்கள் பி பிரிவில். ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்தவர்களின் வயிற்றில் அடிக்காமல், இனிமேல் படித்தவர்களே வர வேண்டும் என்று கதவை மெல்ல மூடிய ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அரசு பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இன்று மதுரையைச் சுற்றித் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பல் மருத்துவப் பிரிவு உண்டு. உசிலம்பட்டியில் இருந்தோ மேலூரில் இருந்தோ பஸ் ஏறி வருபவர், தன் வாயைப் பார்ப்பவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று இன்று கேட்க முடிகிறது என்றால் அந்த உரிமை 1948 சட்டத்தில் இருந்து வந்தது.

அதே 1949-ல் அகமது இன்னொரு காரியம் செய்தார். சொந்தப் பணத்தில் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசிடமே ஒப்படைத்தார். அது இப்போது டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் கொல்கத்தாவில் இயங்குகிறது.

பிரிவினையில் அவர் பிறந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போனது. அவர் இந்தியாவிலேயே இருந்தார். 1950 முதல் 1962 வரை மேற்கு வங்க அமைச்சராக இருந்து விவசாயம் உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். 1964-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965-ல் காலமானார்.

அவர் இறந்த ஆண்டில் கிடைத்த பதில்

ஈறு நோய் ஏன் வருகிறது என்ற பழைய கேள்விக்கு அசைக்க முடியாத பதில் கிடைத்ததும் அதே 1965-ல்தான்.

டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற நார்வே ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்க வேண்டாம் என்று சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பவும் தேய்க்கச் சொன்னதும் சில நாட்களிலேயே சரியானது. அவ்வளவுதான் சோதனை. காரணம் சூடும் இல்லை, வயதும் இல்லை, பல்லில் படியும் அழுக்கு என்பது உறுதியானது.

சரி, தேய்க்காமலே வாழ்நாள் முழுக்க விட்டால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள லோ குழு 1970-ல் இலங்கைக்கு வந்தது. அங்கே அவர்கள் பார்த்தது தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களை. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து 19-ம் நூற்றாண்டு முதல் மலையேறிப் போன கூலிக் குடும்பங்களின் வாரிசுகள். அவர்களுக்குப் பல் மருத்துவ வசதி கிடையாது, பிரஷ் பிடித்துத் தேய்க்கும் பழக்கமும் இல்லை. 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

1986-ல் வந்த முடிவுகள் இன்றும் உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம்.

- சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவியது. இவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழக்கும் நிலைக்குப் போனார்கள்.
- சுமார் 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. 45 வயதில் சராசரியாக 7 பற்கள் போயிருந்தன.
- சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி நோய் போகவில்லை.

அதாவது ஒரே மாதிரி வாழ்க்கை, ஒரே மாதிரி சாப்பாடு இருந்தும் பத்தில் ஒன்பது பேருக்குப் பல்லைப் பிடித்திருந்த பிடிமானம் கரைந்தது. எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிச்சதில்ல, 80 வயசுலயும் கரும்பு கடிச்சார் என்று சொல்பவர்களின் தாத்தா அந்த 11 சதவீதத்தில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரனும் அதே கணக்கில் வருவான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அகமதுவின் கல்லூரி தொடங்கி 50 ஆண்டு ஆன பிறகும், தமிழ்த் தொழிலாளர் கூட்டம் ஒன்றுக்குப் பல் டாக்டர் என்றால் யாரென்றே தெரியாமல் இருந்தது. உலகத்துக்குக் கிடைத்த அந்த அறிவுக்கு விலையாகப் போனது அவர்களுடைய பற்கள்.

மதுரையில் அடிக்கடி கேட்கும் 5 சந்தேகங்கள்

1. ஆலும் வேலும் போதாதா?
பழமொழியில் வரும் வேல் என்பது வேலமரம், பலரும் நினைப்பதுபோல வேம்பு இல்லை. குச்சியை நன்றாக மென்று, நுனியை நார் நாராக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் பலன் உண்டு. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், உள்பக்கத்தில் அது போகாது. கரித்தூள், சாம்பல், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும், ஈறையும் கிழிக்கும்.

2. ரத்தம் வருது, அந்த இடத்தில் பிரஷ் படாம விடலாமா?
எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ரத்தம் வரும் இடத்தில்தான் அழுக்கு அதிகம். மெதுவாக, ஆனால் விடாமல் தேய்க்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

3. க்ளீனிங் பண்ணா பல் ஆடிடுமா?
ஆடாது. பல வருடக் காரை எடுபட்டதும், அது மூடி வைத்திருந்த இடைவெளி தெரியும். ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைக் காரைதான் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும், பிறகு குறையும். காரையை எடுக்காமல் விட்டால்தான் பல் போகும்.

4. மேல் பல்லைப் பிடுங்கினா கண் பார்வை போயிடுமா?
போகாது. பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பு இல்லை. இந்தப் பயத்தில் சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

5. வெற்றிலை ஈறுக்கு நல்லதுதானே?
புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலையைக் குறை சொல்ல வேண்டாம். சிக்கல் அதற்குள் வைத்து மடிக்கும் பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. இரண்டுமே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈறுக்கு ரத்த ஓட்டம் குறைவதால் நோய் இருந்தாலும் ரத்தம் வராது. எச்சரிக்கை மணியே அடிக்காது.

யார் கூடுதல் கவனமாக இருக்கணும்?

முதலில் சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். இரண்டும் ஒன்றுக்கொன்று தீனி போடும்.

அடுத்து கர்ப்பிணிகள். ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். அதற்காகப் பல் தேய்ப்பதை நிறுத்தக் கூடாது. கர்ப்ப காலத்திலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது

- காலை, இரவு இரண்டு வேளையும் 2 நிமிடம் தேய்க்க வேண்டும். இரவில் தேய்ப்பது ரொம்ப முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைவதால் கிருமிக்குக் கொண்டாட்டம்.
- மென்மையான பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்கணும். பாத்திரம் விளக்குவது போல அழுத்தக் கூடாது.
- பல் இடுக்கில் உள்ளதை எடுக்கப் பல் நூல் அல்லது இடுக்குப் பிரஷ் பயன்படுத்துங்கள். குண்டூசி, சேஃப்டி பின் கூடாது.
- பிரஷ் நார் விரிந்துவிட்டால் மாற்றுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு.
- வலி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது பல் மருத்துவரிடம் காட்டுங்கள். காரை இருந்தால் எடுத்துவிடலாம்.
- தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

ரஃபியுதீன் அகமது ஊர் திரும்பியபோது இந்தியாவில் பல் வலிக்கு இருந்த ஒரே வைத்தியம் குறடு. பல்லைக் காப்பாற்றலாம் என்று சொல்லித்தர ஒரு கல்லூரி, எழுத ஓர் இதழ், போலிகளைத் தடுக்க ஒரு சட்டம் மூன்றும் இன்று நமக்கு இருக்கின்றன. நாளைக் காலையில் கொப்பளிக்கும் தண்ணீரில் சிவப்பு தெரிந்தால் இளநீர்க் கடைக்குப் போகும் வழியில் ஒரு பல் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போங்கள்.